இதயம் நின்றது சரி, ஏன் நின்றது?
வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், வேறு எதற்கோ பதில் எழுதும்போது, 'இறப்புச் சான்றிதழில் போட்டிருக்கும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், பலர் இந்த வரிக்காகவே காத்திருந்தது போல் இருக்கிறது. சரி, இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. 'உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில், டாக்டர்கள் எழுதி அனுப்பும் மரணக் காரணப் படிவங்களைப் படித்து ஒவ்வொன்றுக்கும் நோய்க் குறியீட்டு எண் போட்டவன். பல வருஷம் அந்தக் கையெழுத்துகளோடு மல்லுக்கட்டியதுதான் என் தகுதி.

என் அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கடைசி மூன்று வருஷம் டயாலிசிஸ். ஆனால் காரணம் என்ற இடத்தில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு இதய நோயே கிடையாதே, இது எப்படி? – ஒரு வாசகி

சகோதரி, அப்பாவுக்கு இதய நோய் இருந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. இதயமும் மூச்சும் நின்றன என்பதுதான் அர்த்தம், அது இறந்துபோகிற எல்லாருக்கும் நடப்பது. பஸ் ஏன் வரவில்லை என்று கேட்டால் 'சக்கரம் சுற்றவில்லை' என்று பதில் சொல்வது போல. பொய் இல்லை, ஆனால் நாம் கேட்டது அதையல்ல.

அந்தப் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், இந்த இதழில் மற்ற பதில்களுக்கும் அது தேவைப்படும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த மாதிரியைத்தான் பெரும்பாலான நாடுகள் சின்னச் சின்ன மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் மூன்று அல்லது நான்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதல் வரியில் உயிரை நேரடியாகப் பறித்தது எது என்று எழுத வேண்டும், அதற்கடுத்த வரியில் அது எதனால் வந்தது, அதற்கும் கீழே அது எதனால் வந்தது என்று, சின்னப் பிள்ளை விடாமல் 'ஏன், ஏன்' என்று கேட்பதுபோல் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். இனிமேல் கேட்க 'ஏன்' இல்லை என்ற இடத்தில் வந்து நிற்பதுதான் அடிப்படைக் காரணம். இரண்டாம் பகுதியில், இந்தச் சங்கிலியில் சேராமல், ஆனால் ஆளைப் பலவீனப்படுத்தி மரணத்துக்குத் துணைபோன மற்ற நோய்களை எழுத வேண்டும்.

உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை, அதனால் இது ஊகம்தான்: ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது, அது நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பால், அது சர்க்கரை நோயால் என்று மூன்று வரி எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். நாட்டின் மரணப் புள்ளிவிவரத்துக்கு முதன்மையாகப் போவது அந்த அடிப்படைக் காரணம் ஒன்றுதான். அது எழுதப்படவே இல்லை என்றால், சர்க்கரையால் இறந்தவர்கள் பட்டியலில் உங்கள் அப்பா இல்லை.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் செய்த ஆய்வுகளின்படி, சர்க்கரை நோயோடு இறந்தவர்களில் 35 முதல் 40 சதவீதம் பேருடைய சான்றிதழில்தான் அந்த நோயின் பெயர் எங்காவது ஓர் ஓரத்திலாவது இருந்தது. அடிப்படைக் காரணமாகக் குறிக்கப்பட்டது 10 முதல் 15 சதவீதம். 'அரெஸ்ட்', 'ஹார்ட் ஃபெயிலியர்', 'செப்சிஸ்' (உடல் முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று) என்று மொட்டையாக வரும் காரணங்களுக்கு இந்தத் துறையில் 'குப்பைக் குறியீடு' என்றே பெயர். கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1990களில் உலக நோய்ச் சுமையை, அதாவது எந்த நோயால் உலகத்துக்கு எவ்வளவு இழப்பு என்பதை, கணக்கிட உட்கார்ந்தபோது, இந்தக் குப்பையைப் பிரித்து உரிய இடத்தில் சேர்ப்பதற்கென்றே தனியாக வழிமுறை வகுக்க வேண்டியிருந்தது. நானும் தினமும் அந்தக் குப்பையில் கை விட்டவன்தான், ஆனால் எனக்கு வழிமுறையெல்லாம் கிடையாது, டாக்டருக்கு போன் போடுவேன், அவ்வளவுதான்.

ஐயா, நான் மருத்துவ மாணவன். இத்தனை வருஷம் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு படிவத்தைச் சரியாக நிரப்ப மாட்டார்களா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

தம்பி, உங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் படிவத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

நியூயார்க் நகரத்தில் 2010இல் பயிற்சி டாக்டர்களிடம் பெயர் கேட்காமல் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இந்த முறையில் பதிவாகும் காரணங்கள் சரியானவை என்று நம்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். தாங்களே தெரிந்தே உண்மையான காரணம் அல்லாத ஒன்றை எழுதியிருப்பதாக ஏறக்குறைய பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்றால், அதிகம் பேர் சொன்ன பதில், 'சரியான காரணத்தைப் போட்டால் சிஸ்டம் ஏற்காது' என்பது. அட்மிஷன் அலுவலகத்தில் 'வேற ஏதாவது போடுங்க டாக்டர்' என்று சொன்னார்கள் என்றும் பலர் சொன்னார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் கவுன்டரிலும் இந்த வசனத்தைத் தினமும் கேட்டிருக்கிறேன், உண்மையைச் சொன்னால் ஆரம்ப காலத்தில் நானே சொல்லியும் இருக்கிறேன், ஏனென்றால் வெளியே ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கும், படிவம் திரும்பி வந்தால் அவர்கள் இன்னும் அரை நாள் நிற்க வேண்டும்.

அதே நகரத்தில், இதய நோய் மரணங்கள் அளவுக்கு மீறிப் பதிவான 8 மருத்துவமனைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லிக்கொடுத்தார்கள். இதய நோயால் மரணம் என்று பதிவானது சுமார் 69 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக இறங்கியது. அத்தனை இதயங்கள் ஒரே நாளில் குணமாகிவிடவில்லை தம்பி. மாறியது எழுதிய விதம்தான்.

அம்மா வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, இருபது நாள் கழித்து நிமோனியாவில் போய்விட்டார். காரணம் நிமோனியா என்றே போட்டிருக்கிறார்கள். விபத்துக் காப்பீட்டு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. நிமோனியா வந்தது உண்மைதானே, இதில் நான் என்ன வாதாட முடியும்?

வாதாட முடியும். ஏன் என்று சொல்ல, என் மேஜைக்கு வந்த ஒரு படிவத்தைக் காட்டுகிறேன்.

எண்பது சொச்சம் வயதுப் பெண்மணி. படிவத்தில் ஒரே ஒரு வரி, நிமோனியா. கீழே மூன்று வரிகளும் வெறுமையாக இருந்தன, அவற்றின் குறுக்கே ஒரு கோடு வேறு அழுத்தமாக இழுத்திருந்தார் டாக்டர், இதற்கு மேல் கேட்காதே என்பதுபோல. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் மூன்று வாரத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தது, தொடை எலும்பின் கழுத்து முறிந்தது, பிளேட் வைத்தது, அப்புறம் அவர் எழுந்து உட்காரவே இல்லை என்பது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. போன் போட்டேன். கையெழுத்துப் போட்ட டூட்டி டாக்டர் சின்னப் பையன், 'சார், நான் அவங்களைப் பார்த்ததே அன்னிக்கு ராத்திரிதான். எக்ஸ்ரேல நிமோனியா இருந்துச்சு, எழுதினேன்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்தில் கதையின் கடைசிப் பக்கம்தான் திறந்திருந்தது.

சரியாக எழுதினால் அது நிமோனியா, அது படுத்த படுக்கையானதால், அது எலும்பு முறிவால், அது வழுக்கி விழுந்ததால் என்று போக வேண்டும். அடிப்படைக் காரணத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வரையறையே, மரணத்தில் போய் முடிந்த தொடரைத் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம், காயம் என்றால் அது ஏற்பட்ட சூழ்நிலை என்பதுதான். கடைசி நான்கு வாரத்துக்குள் ஆபரேஷன் நடந்ததா என்று புதிய மாதிரிப் படிவம் தனியாகவே கேட்கிறது. ஆகவே நீங்கள் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், எலும்பு முறிவுக்கான எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு, டெத் சம்மரி மூன்றையும் இணையுங்கள், காரணத்தைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். பாலிசி விதிகளில் விபத்து நடந்து எத்தனை நாளுக்குள் மரணம் என்று ஒரு வரம்பு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், பிறகு என்னைத் திட்டக் கூடாது. 'விபத்து' என்று எழுதிய உடனே அது இயற்கை மரணம் இல்லை என்றாகிவிடும், பல நாடுகளில் போலீஸோ மரண விசாரணை அதிகாரியோ உள்ளே வருவார்கள். நான் சொன்ன அந்தப் பெண்மணியின் குடும்பம் உடலை எடுத்துப்போகத் தயாராக வாசலில் நின்றது, என் போனால் அது தள்ளிப்போனது, மூத்த மகன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இங்கே அச்சில் போட முடியாது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. படிவத்திலும் நியாயம் இருந்தது.

எலிசபெத் ராணிக்கே 'முதுமை' என்றுதானே போட்டார்கள்? நாங்கள் மட்டும் ஏன் சங்கிலி கோக்க வேண்டும்?

ஆமாம், 2022 செப்டம்பர் 8 அன்று மாலை 3.10க்கு ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனையில் மரணம், காரணம் முதுமை, வேறு ஒரு சொல் இல்லை. ஆனால் அங்கே 80 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு 'முதுமை' என்று மட்டும் போட்டால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அதற்கு மேல் என்றாலும், நீண்ட காலம் பார்த்துவந்த டாக்டர் மெல்ல மெல்ல உடல் தளர்ந்ததைத் தானே கவனித்திருக்க வேண்டும், வேறு நோய் எதுவும் காரணமாகத் தெரியக் கூடாது. புதிய சர்வதேச நோய்ப் பட்டியலில் 'முதுமை' என்ற சொல்லையே ஒரு குறியீடாகச் சேர்க்க முயன்றபோது, வயதானவர்களை நோயாளிகள் என்று முத்திரை குத்துவதாகும் என்று பல பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்து, 2021இல் அதை மாற்றினார்கள். என் சொந்தக் கருத்து: 96 வயதில் ஒருவர் தூக்கத்திலேயே அணைந்துபோனால் 'முதுமை' என்று எழுதுவது, இல்லாத மாரடைப்பை எழுதுவதைவிட நேர்மையானது.

கொரோனாவில் இறந்தவர்கள் என்று சொன்னதில் 6 சதவீதம் பேர்தான் உண்மையில் அதனால் இறந்தார்கள், மற்றவர்களுக்கெல்லாம் வேறு நோய் இருந்தது என்று அப்போது வாட்ஸ்அப்பில் வந்தது. அமெரிக்க அரசே சொன்னதாமே?

அந்த எண் உண்மை, அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தப்பு. 2020 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அட்டவணையில், கொரோனா குறிப்பிடப்பட்ட சான்றிதழ்களில் 6 சதவீதத்தில் அது ஒன்று மட்டுமே காரணமாக எழுதப்பட்டிருந்தது, மற்றவற்றில் சராசரியாக 2.6 காரணங்கள் கூடுதலாக இருந்தன என்று போட்டிருந்தார்கள்.

இப்போது முதல் பதிலில் சொன்ன படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், அது நிமோனியாவால், அது கொரோனாவால் என்று ஒரு டாக்டர் முறையாக எழுதினால் அதில் மூன்று பெயர்கள் வந்துவிடுகின்றன. மேலே இருக்கும் இரண்டும் கொரோனா செய்த வேலை. கூடவே ரத்த அழுத்தம் இரண்டாம் பகுதியில் வந்தால் நான்கு. என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது அந்த 6 சதவீதத்தைப் பற்றித்தான். 'கொரோனா' என்று ஒற்றைச் சொல்லை எழுதி, அது எப்படிக் கொன்றது என்பதைச் சொல்லாமல் விட்ட அரைகுறைப் படிவங்கள் அதில் நிறைய இருந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் தலைகீழாகப் படித்துவிட்டார்கள்.

டெஸ்ட் பாசிட்டிவ் ஆன ஆள் லாரியில் அடிபட்டால் அதையும் சேர்த்தார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே எழுதிக்கொடுத்துவிட்டது. எங்காவது யாராவது சேர்த்திருப்பார்கள், மறுக்க மாட்டேன், படிவம் நிரப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் விடுபட்டவை அதைவிடப் பல மடங்கு. அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 2020, 2021 இரண்டு வருஷத்தில் நாடுகள் அறிவித்த கொரோனா மரணங்கள் 54 லட்சம், வழக்கமாக எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக நடந்த மரணங்கள் 1 கோடியே 49 லட்சம். கொரோனாவால் போனவர்கள், ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் வேறு நோயில் போனவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

சான்றிதழை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுகிற இந்த முறைக்கு இன்னொரு உதாரணம், அமெரிக்காவின் கீழ் உள்ள கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ. 2017இல் மரியா புயல் அடித்தபோது அரசு சொன்ன சாவு 64. சுவர் இடிந்து செத்தவனுக்குப் புயல் என்று எழுதுவார்கள், மின்சாரம் இல்லாமல் ஆக்ஸிஜன் இயந்திரம் நின்று செத்தவனுக்கு நுரையீரல் நோய் என்றுதானே எழுதுவார்கள்? மறு வருஷம் கூடுதல் மரணங்களைக் கணக்கிட்டபோது 2,975 வந்தது, அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

என் தம்பி தற்கொலை செய்துகொண்டான். 'மாரடைப்பு' என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் எவ்வளவோ கெஞ்சினோம். மறுத்துவிட்டார். நான்கு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் போகவில்லை. அவருக்கு என்ன நஷ்டம் ஆகியிருக்கும்? – பெயர் வேண்டாம்

உங்கள் இழப்புக்கு நான் சொல்வதற்கு எதுவும் இல்லை. கோபத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதை உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சடிப்பார்கள். செத்தவரைப் போய்ப் பார்த்து என்ன காரணம் என்று சொல்வதற்கு வயதான பெண்களை நியமித்திருந்தார்கள், அவர்கள் சொல்வதுதான் பட்டியலில் ஏறும். 1662இல் ஜான் கிராண்ட் என்ற வணிகர் அந்தப் பட்டியல்களை உட்கார்ந்து ஆராய்ந்து, மேக நோயில், அதாவது பாலுறவால் தொற்றும் சிபிலிஸில், செத்தவர்கள் இவ்வளவு குறைவாக இருக்க முடியாதே என்று சந்தேகப்பட்டார். தேடிப் பார்த்தால், ஒரு குவளை மதுவும் வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கும் கிடைத்தால் அந்தப் பெண்கள் எலும்புருக்கி என்று மாற்றிச் சொல்லிவிடுவார்களாம். அந்த நோயின் பெயரோடே பட்டியலில் ஏறியவர்கள், ஊர் வெறுத்தவர்களும் மூக்கே அரித்துப்போனவர்களும்தான் என்று அவர் முடிவுகட்டினார். காரணத்தை மாற்றச் சொன்னது அப்போதும் மானத்துக்காகத்தான்.

உங்கள் டாக்டருக்கு என்ன நஷ்டம் என்றால், பொய்ச் சான்றிதழ் எழுதினால் அவருக்கு வேலையும் போகும், வழக்கும் வரும். அதுவும் போக, இயற்கையாக இல்லாத மரணத்தில் காரணம் எழுதும் அதிகாரமே பல இடங்களில் அவருக்குக் கிடையாது, அது விசாரணை அதிகாரியின் வேலை. அவர் உங்களுக்கு எதிராக முடிவெடுக்கவில்லை, எடுப்பதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. பிற்பாடு இன்சூரன்ஸ்காரர்கள் தோண்டி எடுத்திருந்தால் உங்கள் குடும்பமே பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஊர் கண்ணில் படுமே என்பதுதான் உங்கள் பயம் என்றால், அதற்குச் சில சட்டங்களிலேயே வழி இருக்கிறது. இந்தியாவில் 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இடம்பெறவே கூடாது. காரணம் எழுதிய மருத்துவப் படிவம் வேறு, நாம் அலுவலகத்தில் நீட்டும் சான்றிதழ் வேறு. 2023இல் வந்த திருத்தம், மருத்துவமனைகள் அந்த மருத்துவப் படிவத்தின் நகலை நெருங்கிய உறவினரிடமும் கொடுக்க வேண்டும் என்கிறது, அந்த நகல் உங்களிடம்தான் இருக்கும். அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் காரணம் இல்லாத பிரதியைக் கேட்டு வாங்கலாம். இங்கிலாந்தில் காரணத்தோடுதான் தருவார்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் எப்படி என்று பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நான்கு வருஷம் ஆயிற்று என்கிறீர்கள். அந்த டாக்டரிடமே ஒருமுறை போய்ப் பேசிப் பார்க்கலாம், அவருக்கும் அந்த நாள் மறந்திருக்காது.

போஸ்ட்மார்ட்டம் செய்துவிட்டால் சந்தேகமே இல்லையா?

குறையும், தீராது. 1966 முதல் 2002 வரை வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் கணித்ததில் பெரிய தவறு இருந்தது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. ஆனால் சந்தேகம் இருக்கிற கேஸ்தானே அதிகம் அறுக்கப்படுகிறது, அதனால் எல்லா மரணத்துக்கும் இந்த விகிதத்தை நீட்டக் கூடாது. நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் ரத்தக் கட்டி, அறுத்துப் பார்த்த பிறகே தெரியவருவது அடிக்கடி நடக்கும். மறுபக்கம், இதயத் துடிப்பின் தாளம் தப்பிப் போனால் அறுத்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாளம் உடம்பில் தடயம் விட்டுப்போவதில்லை.

ஒரு டாக்டர் நினைத்தால் கொலையையே மறைத்துவிட முடியுமா?

மறைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன், ஊரே மதித்த குடும்ப டாக்டர். தன் நோயாளிகளுக்கு டயாமார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணி ஊசி போட்டுக் கொன்றுவிட்டு, சான்றிதழில் காரணத்தையும் தானே எழுதுவார். 81 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 'முதுமை' என்று எழுதினார், பிறகு சந்தேகம் வந்து தோண்டி எடுத்துப் பரிசோதித்தபோது உடலில் டயாமார்ஃபின் இருந்தது. 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை. 2002இல் விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை சொன்ன எண்ணிக்கை 215.

அத்தனை படிவங்களும் முறைப்படிதான் நிரப்பப்பட்டிருந்தன என்பதுதான் என் போன்றவனுக்கு உறைக்கிற இடம். என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் எண் போட்டு அனுப்பியிருப்பேன். சிகிச்சை கொடுத்தவரைத் தவிர இன்னொரு டாக்டரும் ஒவ்வொரு மரணத்தையும் பார்க்க வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பர் 9 அன்று. விசாரணை அதிகாரியிடம் போகாத மரணங்களையெல்லாம் அவர் பார்க்க வேண்டும், குடும்பத்திடமும் பேச வேண்டும். எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று கழித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே, டாக்டர் பார்க்காமல் இறப்பவர்களுக்குக் காரணம் எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. யாராவது வந்து பார்த்துவிட்டு 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆராய்ச்சிக்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை'. உடலைப் பார்ப்பதில்லை, கூட இருந்தவர்களிடம் கேட்பது. காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, கால் வீங்கியதா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள், அதைப் படித்து டாக்டர்கள் காரணத்தை முடிவு செய்வார்கள்.

எல்லாவற்றுக்கும் இது ஒரேபோல உதவாது. இந்தியாவில் லட்சக்கணக்கான வீடுகளில் இப்படிக் கேட்டபோது, 2005ஆம் வருஷத்தில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 45,900 என்று கணக்கு வந்தது, மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்ததைவிடப் பல மடங்கு. பாம்பு கடித்ததை வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள், அதனால் நம்பலாம். அதே முறையில் மலேரியாவுக்கு வருஷம் 2,05,000 என்று 2010இல் வெளியிட்டார்கள், உலக சுகாதார நிறுவனம் அப்போது சொல்லிவந்தது சுமார் 15,000, பெரிய சண்டையே நடந்தது. காய்ச்சல் வந்தது, போய்விட்டார் என்பதுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், எந்தக் காய்ச்சல் என்று அவர்களிடம் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் 85 வயதுப் பாட்டிகள் கர்ப்பமாக இறந்ததாகப் பதிவு இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். பேறுகால மரணங்கள் கணக்கில் விட்டுப்போகின்றன என்று 2003இல் சான்றிதழில் ஒரு சின்னக் கட்டம் சேர்த்தார்கள், இறந்தவர் கர்ப்பமாக இருந்தாரா, சமீபத்தில் இருந்தாரா என்று. அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தில் டிக் விழுந்து பாட்டிகளெல்லாம் கர்ப்பிணிகளானார்கள். எல்லா மாநிலமும் இந்தக் கட்டத்துக்கு மாறி முடிய 2017 ஆயிற்று, எண்கள் அவ்வளவு குழம்பியதால் நாட்டின் அதிகாரபூர்வப் பேறுகால மரண விகிதத்தையே பத்து வருஷத்துக்கு மேல் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். விட்டுப்போவதைப் பிடிக்கப் போட்ட கட்டம்தான் அது.

தவறு என்று தெரிந்தால் யாரிடம் போக வேண்டும்? பதிவு அலுவலகத்தில் 'எங்களால் முடியாது' என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. பெயரில், தேதியில், முகவரியில் பிழை என்றால் பதிவு அலுவலகம் திருத்தும். மருத்துவக் காரணத்தை, எழுதிய டாக்டர் அல்லது விசாரணை அதிகாரி எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அவர்கள் தொட முடியும். அதனால் மருத்துவமனையில் ஆரம்பியுங்கள். 'தப்பாக எழுதிவிட்டீர்கள்' என்று போய் நிற்காதீர்கள், கதவு மூடிக்கொள்ளும். 'இந்த ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு அடிப்படைக் காரணத்தைச் சேர்த்துத் தர முடியுமா' என்று கேளுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். அஸ்பெஸ்டாஸ் ஆலை, சுரங்கம், கல் குவாரி மாதிரி இடங்களில் வேலை பார்த்தவர் என்றால் அதையும் எழுதிக்கொடுங்கள், இழப்பீடு அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா புற்றுநோய்க்கு சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பு வரும் வரை தனிக் குறியீடே கிடையாது. அதற்கு முன்னால் செத்தவர்கள் நுரையீரல், நெஞ்சுச் சவ்வு என்று வேறு வேறு பெட்டிகளில் போய் விழுந்தார்கள்.

உடனே போங்கள். டூட்டி டாக்டர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கடைசியாக, உங்கள் சான்றிதழில் என்ன எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? – குறும்பாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்

கோபம் எதற்கு, இதை நானே யோசித்து வைத்திருக்கிறேன். எந்த நோய் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அந்த முதல் பகுதியின் வலது ஓரத்தில் குறுகலாக ஒரு பத்தி உண்டு, ஒவ்வொரு வரிக்கும் நேரே, அந்த நோய் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டிருக்கும். சில மணி நேரம், மூன்று வாரம், பதினைந்து வருஷம் என்று எழுத வேண்டும். என் சர்வீஸில் அதை முழுசாக நிரப்பிய படிவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நிரப்பச் சொல்லுங்கள்.